ஸ்டார் சாரும் வலப்பக்கத் தாளும்

மூன்றாம் வகுப்பு ஏ பிரிவு வாத்தியாரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய சட்டைப் பையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதில் பேனா இருக்காது. பேனா காதில் செருகியிருக்கும். பையில் இருப்பது ஸ்டார் அட்டை. தங்கம், வெள்ளி, சிவப்பு என்று பின்பக்கம் பசை தடவிய குட்டிக் குட்டி நட்சத்திரங்கள். கணக்குச் சரியாக வந்தால் ஒரு ஸ்டார். பத்துக் கணக்கும் சரியென்றால் தங்க ஸ்டார். வகுப்புச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு அட்டை, அதில் முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெயர், பெயருக்கு எதிரே அவரவர் சம்பாதித்த ஸ்டார்கள் வரிசையாக. பிள்ளைகள் அவரை ஸ்டார் சார் என்றார்கள். போகப் போகப் பெற்றோர்களும் அப்படியே கூப்பிட, அவருக்கு உச்சி குளிர்ந்து போனது.

துவைக்கப் போடுவதற்கு முன்னால் சட்டைப் பையைத் துழாவ வேண்டும் என்கிற புத்தி மட்டும் அந்த மனிதருக்குப் பதினோரு வருடமாக வரவில்லை. வீட்டில் துண்டு, தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாவற்றிலும் ஸ்டார். அவருடைய மனைவி மருத்துவமனையில் நர்ஸ். ஒருநாள் அவள் யூனிஃபாரத்தின் முதுகில் ஒரு தங்க ஸ்டார் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு நோயாளி, "சிஸ்டர், நல்லா ஊசி போட்டதுக்குக் குடுத்தாங்களா?" என்று கேட்டாராம். அன்று வீட்டுக்கு வந்து வெளுத்து வாங்கிவிட்டாள். அவர் அந்த ஸ்டாரைப் பத்திரமாக உரித்தெடுத்து, இன்னும் ஒட்டுமா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரை வைத்துக்கொண்டு என்னத்தைச் செய்வது.

ஆனால் அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்த ஸ்டார் ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கும் வராது. அவருடைய அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் இருக்கிற நாட்களைவிட இல்லாத நாட்கள்தான் அதிகம். பரீட்சைத் தாளில் கையெழுத்துக் கேட்டால், ஒரு காலில் செருப்பை மாட்டியபடி சுவரில் வைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இவர் நான்காம் வகுப்பில் ஒருமுறை வெறும் வெள்ளைத் தாளை நீட்டிப் பார்த்தார். அதிலும் போட்டுவிட்டுப் போய்விட்டார் அந்த மனுஷன். கெட்டவர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். ஆனால் பையன் அந்த வெள்ளைத் தாளை ரொம்ப நாள் வைத்திருந்தான். வளர்ந்து வாத்தியாராகி முதல்நாள் வகுப்புக்குப் போனபோதே, என்னிடம் வருகிற எந்தப் பிள்ளையின் தாளையும் பார்க்காமல் விடமாட்டேன் என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் ஸ்டார்.

இப்படியிருக்க, அவருடைய மகள் அவரிடமே, மூன்றாம் வகுப்பு ஏ பிரிவுக்கு வந்தாள். ஒரே பெண். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள், நாமும் அப்படியே கூப்பிடுவோம். எட்டு வயது, முன்பல் ஒன்று விழுந்து இன்னொன்று எட்டிப் பார்க்கிற வயது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் 'சார்', வீட்டுக்கு வந்தால் 'அப்பா' என்று அவளே சட்டம் போட்டுக்கொண்டாள். ஒருநாள் வகுப்பில் வாய் தவறி அப்பா என்று கூப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரைக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

படிப்பிலும் கெட்டி. மூன்றே மாதத்தில் சுவர் அட்டையில் அவள் பெயருக்கு எதிரே நாற்பத்தொரு ஸ்டார், வகுப்பிலேயே அதிகம். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. மகளாயிற்றே, சலுகை என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்கள் என்று அவள் தாளை மட்டும் இரண்டு தடவை திருத்துவார். இரண்டு தடவையும் பத்துக்குப் பத்துதான். ஸ்டாரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். அவள் ஸ்டாரைப் பார்க்கமாட்டாள், அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

வாராவாரம் வெள்ளிக்கிழமை கணக்குத் தேர்வு. வியாழக்கிழமை வீட்டில் கேள்வித்தாள் எழுதி, ஓரத்தில் சிவப்பு மையில் விடைகளையும் எழுதிப் பைக்குள் வைத்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து பையைத் திறந்தால் தண்ணீர் பாட்டில் ஒழுகித் தாள் நனைந்து கிடக்கிறது. கேள்விகள் கலைந்துபோய்விட்டன. போனால் போகட்டும் என்று ஞாபகத்திலிருந்து கரும்பலகையில் எழுதினார். கதைகள் எல்லாம் ஞாபகம் இருந்தன, எண்கள்தான் இல்லை. வாய்க்கு வந்த எண்களைப் போட்டார். பேருந்தில் இருபத்தாறு பேர், எட்டுப் பேர் இறங்கிப் பதினைந்து பேர் ஏறினார்கள், இப்போது எத்தனை பேர். ஒரு பெட்டியில் ஏழு பென்சில், எட்டுப் பெட்டியில் எத்தனை. இப்படிப் பத்து.

மற்ற பிள்ளைகள் விரலை மடக்கி, மோட்டுவளையைப் பார்த்து, பென்சில் முனையைக் கடித்துக்கொண்டிருக்க, குட்டி நாலே நிமிடத்தில் எழுதித் தாளைக் கவிழ்த்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிட்டாள்.

மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திருத்தினார். மகள் தாள் வந்தது. பேருந்துக்கு 28 என்று எழுதியிருந்தாள். முப்பத்துமூன்று வரவேண்டும். பென்சிலுக்கு 48. ஐம்பத்தாறு வரவேண்டும். பத்தும் தப்பு. ஒன்றிரண்டு தப்பென்றால் போகட்டும், பத்துமா? தலைவலியோ காய்ச்சலோ என்று பதறிப்போனார். அப்புறம்தான் என்னவோ தோன்றி, பையிலிருந்த நனைந்த தாளை எடுத்துப் பக்கத்தில் விரித்து வைத்தார். கேள்விகள் அழிந்திருந்தாலும் ஓரத்துச் சிவப்பு மை அழியவில்லை. 28, 48 என்று மேலிருந்து கீழ்வரை அதே பத்து விடை, அதே வரிசை. கேட்காத கேள்விகளுக்கு அவர் மகள் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தாள்.

ஆடிப்போய்விட்டார். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அவமானம். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று அந்தத் தாளை மடித்துப் பைக்குள் திணித்தார். நாற்பத்தொரு ஸ்டாரில் எத்தனை நிஜம், எத்தனை இப்படி வந்தது என்று மனசு கணக்குப் போடத் தொடங்கியது. அதை நிறுத்தவும் முடியவில்லை.

சாயங்காலம் சமையலறை மேசையில் அவளை எதிரே உட்காரவைத்தார். மனைவி டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு தாளையும் மேசையில் வைத்தார். குட்டி பார்த்தாள். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"எத்தன நாளா பாக்கறே?"

"தெரியல. கொஞ்ச நாளா."

"உனக்குத்தான் கணக்கு வருமே. அப்புறம் ஏன் பாத்தே?"

குட்டி மேசை ஓரத்தில் இருந்த ஒரு ஸ்டாரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "முன்னாடி ஒரு தடவ ரெண்டு தப்பாச்சு. நீங்க தாளக் கீழ வெச்சுட்டு அடுத்த தாள எடுத்துட்டீங்க. சரியாப் போட்டா சிரிப்பீங்க. எனக்கு எப்பவும் சரியா வராதுப்பா. அதான்."

அவள் அழாமல், நிதானமாக அடுத்ததைச் சொன்னாள்: "என்ன பி செக்‌ஷனுக்கு மாத்திடுங்கப்பா."

"ஏம்மா?"

"அங்க நீங்க இருக்கமாட்டீங்க."

குட்டி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் எப்போதும் படபடவென்று பேசுகிறவள், அன்று மெதுவாகத்தான் பேசினாள்.

"திட்டாதீங்க அவள."

"நான் எங்க திட்டினேன்?"

"திட்டலதான். ஏங்க, ஒண்ணு கேக்கறேன். சரியாப் போட்ட பசங்களக்கூட, எப்படிப் போட்டேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தார். பதினோரு வருடம், வருடத்துக்கு முப்பது பிள்ளைகள். ஒருவரைக்கூடக் கேட்டதில்லை. விடையைப் பார்ப்பார், ஸ்டார் ஒட்டுவார், அடுத்த தாள். அப்பா சுவரில் வைத்துப் போட்ட கையெழுத்துக்கும் இதற்கும் பசைதான் வித்தியாசம் என்று தோன்றியபோது, அந்த மனிதர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேவிட்டார்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மகளின் பிரிவை மாற்றக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முதல் தேதிலதான் மாத்த முடியும் சார். அன்னிக்கு ரெண்டாவது பீரியட்ல அட்டெண்டர அனுப்பறேன். இடையில மனசு மாறினா சொல்லுங்க" என்றாள். மாற வேண்டியது தன் மனசு இல்லை என்று அவருக்குத் தெரியும். மகளைத் தடுக்கவும் கூடாது. கையில் இருபத்துமூன்று நாள் இருந்தது. அதற்குள் அவள் தன் எதிரே பயப்படாமல் ஒரே ஒரு கணக்காவது போட்டுவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்றே சுவர் அட்டையைக் கழற்றினார். வகுப்பில் ஒரே அமளி. வக்கீல் என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு பையன் எழுந்து, "சார், எனக்கு இன்னும் ரெண்டு வந்தா நாப்பது. அதுக்கப்புறம் கழட்டுங்க, அதான் நியாயம்" என்று வாதாடினான். ஒரு பெண் குழந்தை தன் பெயருக்கு எதிரே இருந்த ஸ்டார்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தேம்பியது. பிரம்பெடுத்திருந்தால்கூட இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது அவருக்கு.

புதிய ஏற்பாடு இது. நோட்டின் இடப்பக்கத் தாளில் கணக்கு. வலப்பக்கத் தாளில், அதை எப்படி யோசித்தோம் என்று எழுத வேண்டும். அழிரப்பர் கூடாது. தப்பென்று தெரிந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போக வேண்டும். அடித்ததும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

முதல் வாரம் மூக்கு உடைபட்டதுதான் மிச்சம். முப்பத்திரண்டு வலப்பக்கத்தில் இருபதில், 'நான் மிகவும் நன்றாக யோசித்தேன்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. வக்கீல், 'நான் மூளையால் யோசித்தேன்' என்று எழுதிவிட்டு, "சார், நல்லா யோசிச்சா என்ன தருவீங்க?" என்று கேட்டான். வாத்தியாரின் கை பழக்க தோஷத்தில் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பி வந்தது. குட்டியின் வலப்பக்கம் காலி. இடப்பக்கத்திலும் கேள்வியை மட்டும் எழுதிவைத்திருந்தாள்.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தாய் வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "யார் ஃபர்ஸ்ட்னு எப்படி சார் தெரிஞ்சுக்கறது?" என்றாள். "தெரியலம்மா" என்றார் அவர். ஒரு வாத்தியார் இப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் திருப்தியாக இருக்கும். போகும்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு கணக்குக் கொடுத்தார். ஐம்பது குழந்தைகள் சுற்றுலா போகிறார்கள், ஒரு வேனில் பன்னிரண்டு பேர் உட்காரலாம், எத்தனை வேன் வேண்டும். பின்வரிசையில் எப்போதும் அரைக்கண் மூடி இருக்கிற ஒரு பையனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அவன் நான்கு என்று எழுதியிருந்தான். பழைய நாளாக இருந்தால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளியிருப்பார். இப்போது வலப்பக்கத்தைப் பார்த்தார். கோணல் எழுத்தில் ஒரே வரி: 'மீதி ரெண்டு பேர் மடியில் உக்காருவாங்க.'

அதை வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். ஒரு சின்னப் பெண், மடியில் உட்கார்ந்தால் போலீஸ் பிடிக்கும் என்றாள். வக்கீல் எழுந்து, சாரும் டீச்சரும் எந்த வேனில் வருவார்கள், அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லையே என்று கேட்டான். "சார் வரலேன்னா?" என்றது இன்னொரு குரல். வகுப்பே கொல்லென்று சிரித்தது. குட்டியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் சட்டென்று குனிந்துகொண்டாள். அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு அவர் இரண்டு நாள் ஓட்டினார்.

ஆனாலும் அவள் பக்கங்கள் காலியாகவே இருந்தன. மாதக் கடைசி நெருங்கியது. கேட்டுப் பார்க்கலாமா, கெஞ்சிப் பார்க்கலாமா என்று வாய் துறுதுறுவென்றது. "கேட்டீங்கன்னா அதுவும் ஸ்டார் மாதிரிதான். உங்களுக்காக எழுதிடுவா" என்று மனைவி அடக்கிவைத்தாள்.

கடைசி வாரம் ஒருநாள் அவர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். "இன்னிக்கு என் நோட்டு" என்றார். இடப்பக்கம் எழுதினார்: 'பதினோரு வருடம் ஸ்டார் கொடுத்தேன்.' அதை ஒரே கோட்டில் அடித்தார். வலப்பக்கம் எழுதத் தொடங்கினார். 'எங்க அப்பா என் தாளைப் பார்க்கவே மாட்டார். அதனால் நான் எல்லார் தாளையும் பார்க்கணும்னு நினைச்சேன். ஆனா நான் விடையை மட்டும்தான் பார்த்தேன். அதுக்குப் பின்னாடி இருக்கிற பிள்ளையைப் பார்க்கல. தப்பு வந்தப்ப அவங்க பயந்தாங்க. அதுவும் எனக்குத் தெரியல. இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்.'

வகுப்பு அமைதியாக வாசித்தது. தூங்குமூஞ்சி முழுக்கண் திறந்து வாசித்தான். வக்கீலுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "அடிச்சதுக்கு அப்புறம் சரியான விடை எழுதலையே சார்?"

"இன்னும் வரலடா" என்றார்.

குட்டி அவரைப் பார்க்கவில்லை. பலகையை, அதுவும் அந்த அடித்த வரியையே, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, தெரு திரும்பும் இடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

முதல் தேதி வந்தது. காலையில் சீருடையை மாட்டிக்கொண்டு, "இன்னிக்குத்தானே பி செக்‌ஷன்?" என்று கேட்டாள். "ஆமாம்மா, ரெண்டாவது பீரியட்" என்றார். குரல் மாறாமல் பார்த்துக்கொள்வதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மனைவி மகளின் பையில் டிபன் டப்பாவை வைத்தாள்.

முதல் பாடவேளையில் அவர் கொடுத்த கணக்கு இதுதான். இருபது மீட்டர் நீள வேலி, ஐந்து மீட்டருக்கு ஒரு கம்பம் நட வேண்டும், எத்தனை கம்பம். கொடுத்துவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். மகள் பக்கம் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்தார், கால் கேட்கவில்லை. இரண்டாவது பாடவேளை மணி அடித்தபோது அவள் மேசைக்குப் பின்னால்தான் நின்றார்.

நோட்டு காலியாக இல்லை. இடப்பக்கத்தில் 4 என்று எழுதி ஒரு கோட்டில் அடித்திருந்தாள். கீழே 5. வலப்பக்கத்தில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. 'முதல்ல வகுத்தேன். 4 வந்தது. தப்பா இருக்குமோன்னு பயமா இருந்தது. தப்புன்னா அடிச்சுக்கலாம்னு வரைஞ்சு பார்த்தேன். முதல் கம்பத்தை விட்டுட்டேன்.' அதோடு முடியவில்லை. கீழே, யாரும் கேட்காத இன்னொரு கணக்கை அவளே போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சதுரம் வரைந்து, 'சுத்தி வேலி போட்டா? ஒரு பக்கம் 5, நாலு பக்கம் 20' என்று எழுதியிருந்தாள். சதுரத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கம்பம் நட்டு எண்ணியிருந்தாள். பதினாறுதான் வந்திருந்தது. பக்கத்தில், 'ஏன்?'

மூலையில் நிற்கிற கம்பத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எண்ணிவிட்டாய் கண்ணே என்று அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

வாசலில் அட்டெண்டர் வந்து நின்றார். "சார், பாப்பாவ பி செக்‌ஷனுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

வகுப்பு நிமிர்ந்து பார்த்தது. கடிதம் கொடுத்தாயிற்று, போகாதே என்று சொல்ல உரிமை இல்லை. "குட்டி" என்றார். வகுப்பில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அட்டெண்டர் வந்திருக்கார்மா."

அவள் நிமிரவில்லை. பென்சில் முனை சதுரத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தது.

"இருங்க. நாலு கம்பம் எங்கயோ போயிடுச்சு. கண்டுபிடிச்சுட்டு வரேன்."

"எவ்வளவு நேரமாகும் பாப்பா?" என்றார் அட்டெண்டர்.

அவள் காதில் அது விழவே இல்லை. அவர் அட்டெண்டரைப் பார்த்து, அப்புறம் வாருங்கள் என்று கையால் சைகை காட்டினார். இந்தப் பெண் தன் முகத்தைப் பார்க்கிறாளா என்று ஏங்கி நின்ற மனிதர், இப்போது அவள் பார்க்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம் அதுவரைக்கும் வந்ததில்லை.

குட்டி இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து லேசாக ஓரம் தள்ளினாள்.

"கொஞ்சம் நகருங்கப்பா, வெளிச்சம் மறைக்குது."

அவர் நகர்ந்துகொண்டார்.